இரண்டு வெள்ளிக் கரண்டியும் ஒரு பலகைக் குடிசையும்: நூட்கா வழக்கு

1778 ஏப்ரலில் ஒரு நாள் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் ஆட்கள் புல் அறுக்கப் போனார்கள். கப்பலில் மிச்சமிருந்த சில ஆடுகளுக்குத் தீனி வேண்டியிருந்தது. இடம், இன்றைய கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவின் வெளிக்கடல் பக்கம் உள்ள நூட்கா என்ற குடாப்பகுதி. காட்டுப் புல்லுக்கு யார் கணக்குக் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பில் அறுக்கத் தொடங்கியதும் ஊர்க்காரர்கள் வந்து மறித்தார்கள். 'மகூக்' என்றார்கள். கொடுக்கல் வாங்கலுக்கு அவர்கள் பேச்சில் அந்தச் சொல்தான். விலையைக் கொடுத்துவிட்டு அறு என்று பொருள்.

சரி என்று ஒருவருக்குக் கொடுத்தார் குக். உடனே இன்னொருவர் வந்து, இந்தப் பக்கத்துப் புல் என்னுடையது என்றார். அவருக்கும் கொடுத்தார். அப்புறம் மூன்றாமவர், நான்காமவர் என்று டஜன் பேர் ஆகிவிட்டது. குக்கின் சட்டைப்பை காலி. இனி இவரிடம் ஒன்றும் பெயராது என்று தெரிந்ததும், எங்கே வேண்டுமானாலும் அறுத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். தான் போன எந்த நாட்டிலும், மண்ணில் விளைவதெல்லாம் தங்கள் சொத்து என்பதில் இவ்வளவு கறாரான மக்களைக் கண்டதில்லை என்று குக் எழுதிவைத்தார்.

பதினோரு ஆண்டு கழித்து, ஒரு புல்லுக்குக்கூட உரிமையாளர் இருந்த அதே குடாவுக்காக ஸ்பெயினும் பிரிட்டனும் போர் விளிம்புவரை போயின. பிரான்ஸில் புரட்சிச் சபை பல நாள் விவாதித்தது. நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் அமைச்சர்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்டார். வரலாற்று நூல்கள் இதை 'நூட்கா நெருக்கடி' என்கின்றன. எனக்கு இது ஒரு சொத்து வழக்காகத்தான் படுகிறது. நம் ஊர் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நாலு நாள் நின்றவர்களுக்கு இதில் வரும் தந்திரம் எதுவும் புதிதாக இருக்காது. தாய்ப்பத்திரம், பதியாத பத்திரம், வாய்மொழிக் கிரயம், பினாமி, பொய்யான நஷ்டக் கணக்கு எல்லாமே இதில் உண்டு.

இடமும் அனுபவத்தில் இருந்தவர்களும்

நூட்கா என்ற பெயரே காதில் தப்பாக விழுந்தது என்று சொல்வார்கள். 'சுற்றிக்கொண்டு வா' என்று படகில் வந்தவர்கள் வழிகாட்டியதை, இடத்தின் பெயர் என்று குக் எடுத்துக்கொண்டாராம். அங்கே வாழ்ந்தவர்கள் மோவாச்சாட் மக்கள். அவர்களுடைய கோடைக்கால ஊர் யூக்வாட். பல திசைக் காற்றும் வீசும் இடம் என்று பொருள். கோடையில் வெளிக்கடலை ஒட்டிய யூக்வாட்டில் இருந்துகொண்டு திமிங்கிலமும் மீனும் பிடிப்பார்கள். குளிர்காலத்தில் குடாவின் உள்முனையில் இருக்கும் தாஸிஸுக்குப் போய்விடுவார்கள். போகும்போது வீட்டின் தேவதாருப் பலகைகளைக் கழற்றி, இரண்டு படகுகளுக்குக் குறுக்கே அடுக்கி, கூடவே கொண்டுபோவார்கள். தூணும் உத்தரமும் மட்டும் யூக்வாட்டில் நிற்கும். விவரம் தெரியாத ஒருவர் அந்த நேரத்தில் வந்தால் கைவிட்ட ஊர் என்றுதான் நினைப்பார்.

தலைவர்களின் உரிமையை 'ஹாஹூல்தீ' என்பார்கள். நிலம் மட்டும் அதில் அடங்கவில்லை. ஆறு, மீன்துறை, கரையொதுங்கும் திமிங்கிலம், பாட்டு, நடனம், பெயர் எல்லாம் அதற்குள் வரும். தலைமுறை தலைமுறையாக இறங்கும். மக்குவினா என்பதே அப்படி வழிவழியாக வரும் பெயர்தான். நம் கதைக் காலத்தில் அந்தப் பெயரைத் தாங்கியவர் நல்ல கூர்மையான ஆள். வெளியிலிருந்து வந்த கப்பல்களுக்கும் உள்நாட்டுக் குடிகளுக்கும் நடுவே நின்று தோல் வியாபாரத்தைத் தன் கைக்குள் வைத்திருந்தார்.

கரண்டி

ஸ்பெயினின் தாய்ப்பத்திரம் 1493-ல் போப் கொடுத்த ஆணை. அடுத்த ஆண்டு தோர்தெசியாஸ் ஒப்பந்தத்தில் போர்ச்சுக்கலும் ஸ்பெயினும் உலகத்தைக் கோடு போட்டுப் பங்கிட்டுக்கொண்டன. 1513-ல் ஸ்பெயின்காரர் பால்போவா பனாமாவில் கடலுக்குள் இறங்கி நின்று, இந்தத் தென்கடலும் (இன்றைய பசிபிக்) அதன் கரைகளும் ஸ்பெயின் மன்னருக்கே என்று அறிவித்தார். முழங்கால் தண்ணீரில் நின்றபடி ஒரு பெருங்கடலின் கரை முழுவதையும் எழுதிவாங்கியவர் அவர். அதற்குப் பிறகு 250 ஆண்டுக்கு மேல் அந்தக் கரையின் வடபகுதிக்கு ஸ்பெயின் ஆள் அனுப்பவே இல்லை. கோடு இருக்கிறதே, யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம்.

வந்தது ரஷ்யா. 1741-ல் ரஷ்யாவுக்காகக் கப்பல் ஓட்டிய பேரிங் அலாஸ்காவைத் தொட்ட பிறகு ரஷ்யத் தோல் வியாபாரிகள் தீவு தீவாகக் கிழக்கே நகர்ந்தார்கள். பதறிப்போன ஸ்பெயின், மெக்சிகோவின் மேற்குக் கரையில் சான் பிளாஸ் என்ற கடற்படைத் தளத்தை ஏற்படுத்தி, அங்கிருந்து 1774-ல் ஹுவான் பெரேஸை 'சந்தியாகோ' என்ற கப்பலில் வடக்கே அனுப்பியது. அந்த ஆகஸ்டில் பெரேஸ் நூட்காவின் வாசலில் நங்கூரம் போட்டார். ஊர்க்காரர்கள் படகுகளில் வந்து சூழ்ந்தார்கள். கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்த சிப்பிகளுக்கு மாற்றாகக் கடல்நீர்நாய்த் தோல் கைமாறியது. மறுநாள் கரையிறங்கிச் சிலுவை நட்டு மன்னர் பெயரில் உரிமை எடுப்பதாகத் திட்டம். காற்று திரும்பிவிட்டது. கப்பல் பாறையில் மோதிவிடும் என்று நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு ஓட வேண்டியதாயிற்று. ஆக, 1774-ல் ஸ்பெயின்காரர் ஒருவர்கூட நூட்கா மண்ணில் கால் வைக்கவில்லை.

அந்தப் பரபரப்பில் கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி எஸ்டெபான் ஹோஸே மார்த்தினேஸின் வெள்ளிக் கரண்டிகள் காணாமல் போயின. நான்கு ஆண்டுக்குப் பிறகு குக் அங்கே இருந்தபோது, படகில் வந்த ஒருவரின் கழுத்தில் இரண்டு வெள்ளிக் கரண்டிகள் மாலைபோலத் தொங்கின. உணவு மேசையில் வைக்கும் சாதாரணக் கரண்டிகள். குக்கின் அதிகாரி ஒருவர் அவற்றை விலைக்கு வாங்கினார். குக் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். அது அச்சும் ஆனது. அதைப் பார்த்த மார்த்தினேஸ், ஐயா அது என் கரண்டி என்று கிளம்பினார். குக்குக்கு முன்பே நாங்கள் வந்தோம் என்பதற்குக் குக்கே சாட்சி என்று ஸ்பெயின் வாதாடியது.

திருட்டுப் போன பொருளை ஆதாரமாகக் காட்டி நிலத்துக்கு உரிமை கேட்டது வேடிக்கைதான். அதற்குக் காரணம் ஸ்பெயினின் கமுக்கம். பெரேஸின் பயணத்தையும், அடுத்த ஆண்டு எசெட்டாவும் போடேகா இ குவாட்ராவும் செய்த பயணத்தையும் அரசு வெளியிடவே இல்லை. வரைபடம் எதிரி கையில் சிக்கிவிடுமே என்ற பயம். ஊருக்குத் தெரியாமல் பெட்டிக்குள் பூட்டிவைத்த பத்திரம்போல அந்தக் குறிப்புகள் கிடந்தன. குக்கின் பயணமோ 1784-ல் பெரிய நூலாக வந்து ஐரோப்பா முழுக்கப் படிக்கப்பட்டது. உலகத்தைப் பொறுத்தவரை நூட்காவைக் கண்டவர் குக்.

தோல்

குக்கின் நூலில் வியாபாரிகளின் கண் நிலைகுத்திய இடம் வேறு. நூட்காவில் சில்லறைச் சாமான்களுக்கு வாங்கிய கடல்நீர்நாய்த் தோல்களை, குக் இறந்த பிறகு, அவருடைய மாலுமிகள் சீனத் துறைமுகமான காண்டனில் விற்றார்கள். நல்ல தோல் ஒன்று 120 டாலர் வரை போனது. திரும்பிப் போய் இன்னும் தோல் வாங்கலாம் என்று மாலுமிகள் கலகம் செய்யாத குறை. கடல்நீர்நாய்க்கு உடம்பில் கொழுப்புப் படலம் கிடையாது. குளிரைத் தாங்க ரோமம் மட்டுமே. விலங்குகளிலேயே மிக அடர்த்தியான ரோமம் அதற்குத்தான். சீனப் பணக்காரர்களுக்கு அது பிடித்துப்போனதில்தான் எல்லா வினையும் தொடங்கியது.

முதல் வியாபாரக் கப்பல் 1785-ல், சீனக் கரையில் போர்ச்சுக்கீசியர் கையில் இருந்த மக்காவு துறைமுகத்திலிருந்து ஜேம்ஸ் ஹன்னா தலைமையில் வந்தது. அடுத்த ஆண்டு வந்த பயணத்துக்கு நம் ஊர்த் தொடர்பு உண்டு. ஜேம்ஸ் ஸ்ட்ரேஞ்ச் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஊழியர். விடுப்பு எடுத்துக்கொண்டு, பம்பாய் வணிகர் டேவிட் ஸ்காட்டின் பணத்தில் இரண்டு கப்பல்களைத் தயார் செய்து, 1785 டிசம்பரில் பம்பாயிலிருந்து கிளம்பி, நூட்கா போய்ச் சேர்ந்தார். சுமார் 600 தோல் கிடைத்தது; போட்ட முதலுக்கு அது காணவில்லை. ஜான் மக்கே என்ற வைத்திய உதவியாளரை, மொழி கற்றுக்கொள்ளட்டும் என்று மக்குவினாவிடம் விட்டுவிட்டு வந்தார். ஓராண்டு அங்கே இருந்து அல்லல்பட்டவரை 1787-ல் இன்னொரு கப்பல் மீட்டுக்கொண்டு போனது. வான்கூவர் தீவின் வடமுனைக்கு இன்றும் ஸ்காட் முனை என்றுதான் பெயர்; நூட்கா பக்கமே வராத பம்பாய் முதலாளியின் பெயர் அது. ஸ்ட்ரேஞ்சின் பயணக் குறிப்பு நூற்று நாற்பது ஆண்டுக்கு மேல் கிடந்து, 1928-ல் சென்னை அரசு அச்சகத்தில்தான் நூலாயிற்று.

வழக்கின் நாயகர், அல்லது வில்லங்கத்தின் நாயகர், ஜான் மியர்ஸ். பிரிட்டிஷ் கடற்படையில் இருந்துவிட்டு வியாபாரத்துக்கு வந்தவர். அப்போது பிரிட்டிஷ் வணிகர் ஒருவர் அந்தக் கரையில் தோல் வாங்கிச் சீனாவில் விற்க வேண்டுமானால், கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் தென்கடல் கம்பெனியிடமும் உரிமம் வாங்க வேண்டும். மியர்ஸ் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். மக்காவில் ஒரு போர்ச்சுக்கீசியரைப் பெயருக்குக் கூட்டாளியாக வைத்து, போர்ச்சுக்கீசியக் கொடியோடு இரண்டு கப்பல்களை அனுப்பினார். அசல் பினாமி. 1788 மே மாதம் 'ஃபெலிஸ்' கப்பலில் அவரே நூட்கா வந்து சேர்ந்தார். கூட வந்தவர்களில் சுமார் ஐம்பது பேர் சீனத் தச்சர்கள், கொல்லர்கள். அந்தக் கரையில் கால்வைத்த முதல் சீனர்கள் அவர்கள். யூக்வாட் கரையில் ஒரு சின்னக் கப்பலைக் கட்டி, செப்டம்பரில் கடலில் இறக்கினார்கள். வேலையாட்கள் தங்கவும் சாமான் போட்டு வைக்கவும் ஒரு வீடும் போட்டார்கள்.

அந்த வீடுதான் வழக்கின் தாவாச் சொத்து. நிலத்தை மக்குவினாவிடமிருந்து இரண்டு கைத்துப்பாக்கி கொடுத்து வாங்கியதாக மியர்ஸ் சொன்னார். பத்திரம் ஏதும் கிடையாது.

1789 கோடை

அலாஸ்காப் பக்கம் போய்வந்த மார்த்தினேஸ், ரஷ்யர்கள் நூட்காவைப் பிடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு மெக்சிகோவில் சொன்னார். வைஸ்ராய் ஃப்ளோரெஸ் அவரையே அனுப்பினார். 1789 மே 5 அன்று மார்த்தினேஸ் நூட்காவில் நுழைந்தார். ரஷ்யர் யாரும் இல்லை. போர்ச்சுக்கீசியக் கொடி பறக்கும் ஆங்கிலக் கப்பல் ஒன்றும், அமெரிக்கக் கப்பல்களும் இருந்தன. அமெரிக்கர்களோடு மார்த்தினேஸ் சுமுகமாகவே இருந்தார். அவர்கள் பேச்சாலும் விருந்தாலும் அவரைத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டார்கள்.

மியர்ஸின் கூட்டாளிகளுடைய கப்பல்களை அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தார். முதல் கப்பலின் போர்ச்சுக்கீசிய ஆவணத்தில், மறிக்கிற கப்பலைப் பிடித்து மக்காவுக்குக் கொண்டுவரலாம் என்ற வாசகம் இருந்ததாம். அதைப் படித்ததும் அவருக்குச் சுர்ரென்று ஏறியது. பிடித்தார், அப்புறம் என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார். யூக்வாட்டில் கட்டிய சின்னக் கப்பலைத் தனதாக்கிக்கொண்டு, புனிதர் பெயர் வைத்தார். ஜூலை தொடக்கத்தில் 'ஆர்கோநாட்' வந்தது. தலைவர் ஜேம்ஸ் கோல்நெட். ஒருகாலத்தில் குக்கோடு கடலில் போனவர். அந்தக் கப்பலில் நிரந்தரக் குடியிருப்பு போடுவதற்கான சாமான்களும் சீனத் தொழிலாளர்களும் இருந்தார்கள். மார்த்தினேஸின் அறையில் இருவரும் சந்தித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேச்சு, இரண்டு பேருக்கும் மூக்கின்மேல் கோபம். எனக்கு என் மன்னரின் உத்தரவு இருக்கிறது என்றார் கோல்நெட். காட்டு பார்க்கலாம் என்றார் மார்த்தினேஸ். குரல் உயர்ந்தது, கை வாளுக்குப் போனது, கோல்நெட் கைதானார். ஆங்கிலத்தில் ஸ்பெயினை வைதது தன் காதில் விழுந்தது என்று மார்த்தினேஸ் தன் குறிப்பில் காரணம் எழுதினார். கப்பல்கள் சான் பிளாஸுக்குக் கைதிகளோடு போயின. வழியில் கோல்நெட்டுக்குச் சித்தம் கலங்கிவிட்டது.

லண்டனுக்கும் மாட்ரிட்டுக்கும் போன கடிதங்களில் இந்தக் கப்பல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஜூலை 13 அன்று நடந்த இன்னொன்றைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. மக்குவினாவின் நெருங்கிய உறவினரும் ஊர்த் தலைவர்களில் ஒருவருமான கல்லிக்கம், ஆங்கிலேயரோடு பழகியவர். பிடிப்புச் செய்தி கேட்டுப் படகில் வந்து, மார்த்தினேஸைப் பார்த்துத் திருடன் என்று கத்தினார். மார்த்தினேஸ் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார், வெடிக்கவில்லை. பக்கத்திலிருந்த ஒருவர் சுட்டார். கல்லிக்கம் படகிலிருந்து தண்ணீரில் விழுந்து இறந்தார். அந்தக் கோடையில் யூக்வாட்டில் கொல்லப்பட்ட தலைவர் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களில் ஒருவர். மக்குவினா தன் ஆட்களோடு தெற்கே கிளாயோக்வாட்டுக்குப் போய்விட்டார். இதற்கு நஷ்டஈடு என்று எந்த ஒப்பந்தத்திலும் ஒரு வரி கிடையாது.

இதில் உச்சக் கூத்து, அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் மார்த்தினேஸ் மேலிடத்து உத்தரவின்படி கோட்டையைக் கலைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். ஐரோப்பாவில் சண்டை சூடுபிடித்தபோது சண்டைக்குரிய இடத்தில் ஸ்பெயின்காரரும் இல்லை, ஆங்கிலேயரும் இல்லை.

லண்டனில் ஒரு மனு

1790 ஏப்ரலில் மியர்ஸ் லண்டன் வந்து சேர்ந்தார். ஏப்ரல் 30 தேதியிட்ட மனுவில், தான் நிலம் வாங்கியது, வீடு கட்டியது, பிரிட்டிஷ் கொடி ஏற்றியது, அதைச் சுற்றி அரண் போட்டது எல்லாவற்றையும் எழுதினார். போர்ச்சுக்கீசியக் கொடி சமாச்சாரத்தைப் பூசி மெழுகினார். நஷ்டம் 6,53,433 ஸ்பானிய டாலர் என்றார். வராத வருங்கால லாபமும் அதில் சேர்த்தி. மியர்ஸின் கதைகள் புளுகு என்று அதே கரையில் வியாபாரம் செய்த ஜார்ஜ் டிக்சன் அச்சுப் போட்டே எழுதினார். யார் கேட்டார்கள்?

பிரதமர் இளைய பிட்டுக்கு அந்த மனு வசதியாக வாய்த்தது என்பது என் அபிப்பிராயம். நாடாளுமன்றம் பத்து லட்சம் பவுண்டு ஒதுக்கியது. கப்பல்கள் திரட்டப்பட்டன. பிட்டின் வாதம் எளிமையானது: போப் கொடுத்த காகிதமும் பால்போவாவின் பிரகடனமும் செல்லாது, எங்கே ஆள் குடியிருக்கிறாயோ அதுதான் உன்னுடையது. தாய்ப்பத்திரம் செல்லாது, அனுபவமே உரிமை என்று வாதாடினால், அனுபவத்தில் இருந்தவர்கள் மோவாச்சாட் மக்கள் என்ற முடிவுக்குத்தானே வரவேண்டும்? லண்டனில் அந்தத் திசைக்கு யாரும் போகவில்லை. அனுபவம் என்றால் ஐரோப்பியர் அனுபவம் என்றே இரண்டு தரப்பும் பேசாமல் பேசிவைத்துக்கொண்டன.

ஸ்பெயினின் முதலமைச்சர் ஃப்ளோரிடாபிளாங்கா பிரான்ஸைத் துணைக்கு அழைத்தார். இரு நாட்டு அரச குடும்பமும் ஒரே வம்சம். 1761-ல் செய்த குடும்ப ஒப்பந்தம் இருந்தது. ஆனால் பிரான்ஸில் அப்போது புரட்சி நடந்துகொண்டிருந்தது. மன்னர் கப்பல்களைத் தயார் செய்யச் சொன்னதும், போர் தொடுக்கும் உரிமை மன்னருக்கா மக்களுக்கா என்ற கேள்வி சபையில் வெடித்தது. மே 22 அன்று, பிரான்ஸ் நாடு பிடிக்கும் போர்களைக் கைவிடுகிறது என்று தீர்மானமே போட்டார்கள். ஆகஸ்டில் 45 கப்பல்களைத் தயார் செய்ய ஒப்புதல் வந்தது. அடுத்த மாதமே பிரெஸ்ட் துறைமுகத்தில் மாலுமிகள் கலகம் செய்தார்கள். மைத்துனன் வருவான் என்று நம்பிச் சண்டைக்கு இறங்கியவனின் கதி ஸ்பெயினுக்கு.

இந்த இடத்தில்தான் அமெரிக்காவும் பயந்தது. கனடாவிலிருந்து பிரிட்டிஷ் படை ஸ்பெயினின் லூசியானாவைத் தாக்க அமெரிக்க மண் வழியாகப் போக வழி கேட்டால் என்ன சொல்வது? வாஷிங்டன் தன் துணைத் தலைவரிடமும் ஜெஃபர்சன், ஹாமில்டன் போன்றவர்களிடமும் கேட்டார். ஆளுக்கொரு பதில் வந்தது. நல்லவேளை, கேள்வி தேவைப்படாமலே போய்விட்டது.

1790 அக்டோபர் 28 அன்று ஸ்பெயினின் எஸ்கோரியல் அரண்மனையில் முதல் நூட்கா ஒப்பந்தம் கையெழுத்தானது. பறித்த கட்டடங்களையும் நிலங்களையும் திருப்பித் தருவது. பசிபிக்கில் பிரிட்டிஷாருக்கும் போகவர, மீன் பிடிக்க உரிமை. ஸ்பெயின் குடியிருக்கும் கரைக்குப் பத்து லீக் (சுமார் முப்பது மைல்) தூரத்துக்குள் வரக்கூடாது. அதற்கு வடக்கே இருவருக்கும் பொது. கோடு கிழித்து 300 ஆண்டு காத்த உரிமையை ஸ்பெயின் அன்றைக்கு விட்டுக்கொடுத்தது. ஆனால் 'பறித்த கட்டடங்களும் நிலங்களும்' எவை, எத்தனை அடி, எல்லை எது என்று ஒரு சொல் இல்லை. நான்கு எல்லை எழுதாத பத்திரம்.

குவாட்ராவின் மேசை

அந்த எல்லையை அளக்க 1792-ல் இரண்டு பேர் வந்தார்கள். ஸ்பெயின் தரப்பில் போடேகா இ குவாட்ரா. பிரிட்டன் தரப்பில் ஜார்ஜ் வான்கூவர். ஸ்பெயின்காரர்கள் 1790-லேயே திரும்பி வந்து யூக்வாட்டில் கோட்டை, வீடுகள், தோட்டம் எல்லாம் போட்டிருந்தார்கள். படைத்தலைவர் அல்பெர்னி, மக்குவினாவின் பகையைத் தணிக்க அவர் புகழை அந்த ஊர்ப் பேச்சிலேயே பாட்டாகக் கட்டி, ஸ்பெயின் மெட்டில் வீரர்களைப் பாடவைத்தார். வேலை செய்தது. மக்குவினா திரும்பிவந்தார்.

குவாட்ரா லீமாவில் பிறந்தவர், பெருந்தன்மையான கை. அவர் வீட்டு மேசையில் எந்தக் கொடியின் கப்பல் அதிகாரிக்கும் இடமுண்டு. ஆகஸ்ட் 28 அன்று வந்து சேர்ந்த வான்கூவருக்கு ஐந்து சுற்று விருந்து, எல்லாம் வெள்ளித் தட்டில். அதே மேசையில் மக்குவினாவும் உட்கார்ந்தார். வான்கூவரின் கப்பலில் நடந்தது வேறு. மக்குவினா முதலில் பார்க்கப் போனபோது, உடையைப் பார்த்து ஆள் யாரென்று தெரியாத காவலாளி அவரை ஏறவே விடவில்லை. தன் ஊர்த் துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் ஏணியடியில் அவமானப்பட்டுத் திரும்பிய தலைவரைச் சமாதானப்படுத்தக் குவாட்ராதான் தலையிட வேண்டியிருந்தது.

குவாட்ரா சாட்சிகளையும் திரட்டியிருந்தார். 1788-ல் அங்கே இருந்த அமெரிக்கர்கள் ராபர்ட் கிரேயும் ஜோசப் இங்ரகாமும் எழுதிக்கொடுத்தார்கள்: மியர்ஸின் வீடு உள்ளூர்க்காரர்களிடம் வாங்கிய பலகைகளால் ஆன சின்னக் குடிசை, அந்த ஆண்டே அதைப் பிரித்துவிட்டார்கள், பலகைகள் கப்பலில் ஏறின, கூரையை அமெரிக்கக் கேப்டன் கென்ட்ரிக்குக்குக் கொடுத்துவிட்டார்கள், நிலம் வாங்கியதாக நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. மக்குவினாவும் மியர்ஸுக்கு நிலம் விற்கவில்லை என்றார். ஆக, 1789-ல் மார்த்தினேஸ் பறித்ததாகச் சொல்லும் கட்டடம் அப்போது இல்லவே இல்லை. பத்து லட்சம் பவுண்டு ஒதுக்கவைத்த வீட்டின் கூரை அமெரிக்கன் கையில்.

மக்குவினாவின் வாக்குமூலத்தையும் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும் என்பேன். அவர் அப்போது குவாட்ராவின் விருந்தாளி. மியர்ஸ் இருந்தபோது மியர்ஸுக்கு இணக்கம், ஸ்பெயின்காரர் இருக்கும்போது அவர்களுக்கு இணக்கம். இன்றைக்கு வந்திருப்பவன் நாளைக்குப் போவான் என்று தெரிந்த ஆளின் பேச்சு அது. 1791-ல் கென்ட்ரிக் பத்துத் துப்பாக்கி கொடுத்து நூட்கா பக்கம் ஒரு நிலத்துக்கு முறையான பத்திரமே எழுதி, மக்குவினாவிடமும் மற்றத் தலைவர்களிடமும் கீறல் வாங்கியிருந்தார். அந்தப் பத்திரம் ஜெஃபர்சனின் அலுவலகம்வரை போனது. விற்றவர்கள் தொடர்ந்து அங்கேயே குடியிருந்து மீன் பிடிக்கலாம் என்று அதிலேயே இருந்தது. விற்பனை என்று கென்ட்ரிக் நினைத்தது, மக்குவினாவின் கணக்கில் வந்துபோக அனுமதி. குக்குக்குப் புல் விற்றது போலத்தான்.

குவாட்ரா முன்வைத்தது: குடிசை இருந்த அந்தக் கடற்கரை மூலையை எடுத்துக்கொள். அது சுமார் நூறு கெஜம் வரும் ஒரு முக்கோணத் துண்டு. வான்கூவர் கேட்டது முழுத் துறைமுகம். இரண்டு பேருமே நல்லவர்கள், நண்பர்களாகிவிட்டார்கள். தாஸிஸுக்குச் சேர்ந்தே போய் மக்குவினாவின் விருந்தில் உட்கார்ந்து அவர் ஆட்டம் பார்த்தார்கள். தீவுக்கு 'குவாட்ரா வான்கூவர் தீவு' என்று இருவர் பெயரும் வைத்தார்கள். காரியம் மட்டும் ஆகவில்லை. மேலிடத்துக்கு எழுதுவோம் என்று பிரிந்தார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது அங்கே இரண்டு நாட்டு மரியாதையோடு நடந்தேறியது. 1794-ல் குவாட்ரா மெக்சிகோவில் இறந்தார். காலப்போக்கில் தீவின் பெயரிலும் வான்கூவர் மட்டுமே மிஞ்சினார்.

தீர்ப்பு

தீர்ப்பைத் தந்தது ஆதாரம் அல்ல, அலுப்பு. 1793-க்குள் பிரான்ஸோடு போர் மூண்டு, ஸ்பெயினும் பிரிட்டனும் ஒரே அணியில் நின்றன. அந்தப் பிப்ரவரியில் இரண்டாம் ஒப்பந்தம், மியர்ஸ் கூட்டத்துக்கு 2,10,000 டாலர் நஷ்டஈடு என்று முடிந்தது. 1794 ஜனவரி 11 அன்று மூன்றாம் ஒப்பந்தம்: ஸ்பெயின் இடத்தைப் பிரிட்டனிடம் ஒப்படைக்கும், பிரிட்டன் கொடியை ஏற்றி இறக்கும், அப்புறம் இருவருமே அங்கிருந்து போய்விடுவார்கள், நிரந்தரமாக யாரும் குடியிருப்பு போடக்கூடாது.

காகிதத்தில் மிச்சமிருந்த உரிமைகள் பின்னர் கைமாறின. 1819-ல் 42 பாகைக்கு வடக்கே தனக்கு இருந்ததாகச் சொன்ன உரிமையை ஸ்பெயின் அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. 1846-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் 49-ம் பாகையில் எல்லை போட்டபோது, வான்கூவர் தீவு முழுதும் பிரிட்டன் பக்கம் போனது. கடல்நீர்நாய் அந்தக் கரையில் அற்றே போய், 1969 முதல் 1972 வரை அலாஸ்காவிலிருந்து 89 நீர்நாய்களைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. யூக்வாட்டில் 1920-களில் கனடா அரசு வைத்த நினைவுக்கல்லின் பெருமை குக்குக்குப் போனது. இடத்தின் வரலாற்று முக்கியத்துவத்தை மோவாச்சாட் மக்களின் பார்வையில் மறுபடி எழுத 1997 ஆனது.

1795 மார்ச் 28 அன்று ஸ்பெயின் அதிகாரி அலாவாவும் பிரிட்டிஷ் லெஃப்டினன்ட் பியர்ஸும் யூக்வாட்டில் நின்றார்கள். கோட்டையின் பீரங்கிகள் ஏற்கெனவே கப்பலுக்குப் போய்விட்டன. பிரிட்டிஷ் கொடி ஏறியது, இறங்கியது. பியர்ஸ் அந்தக் கொடியை மக்குவினாவிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். கப்பல்கள் கண்ணுக்கு மறைந்ததும் ஊர்க்காரர்கள் ஸ்பெயின் வீடுகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். இரும்பு அங்கே தங்கம் மாதிரி. பலகைகளிலிருந்து ஆணிகளைப் பிடுங்கினார்கள். கல்லறையைத் தோண்டிச் சவப்பெட்டி ஆணிகளைக்கூட எடுத்தார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த பிரிட்டிஷ் வணிகர் ஒருவர், ஸ்பெயின் ஊர் இருந்த இடத்தில் மக்குவினாவின் ஊர் நிற்பதைக் கண்டார். பழைய தூண்களின்மேல் பலகைகள் மறுபடி ஏறியிருந்தன.